காயக் கணக்கில் அடங்காத ஆபத்துகள்: எண்ணெய், எரிவாயுத் தொழிலில் பாதுகாப்பை அளக்கும் முறை பற்றி

எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச நேர்ந்தால் முதலில் எடுத்து நீட்டுவது காய விகிதம். குறிப்பிட்ட அளவு வேலை நேரத்துக்குள் எத்தனை பேர் காயம்பட்டு மறுநாள் வேலைக்கு வர முடியாமல் போனார்கள் என்பதே அதன் சாரம். அமெரிக்க அரசு முறையில் 2,00,000 மணிநேரம், அதாவது 100 பேர் ஓராண்டு முழுதும் பார்க்கும் வேலை, இதற்கு அடிப்படை. பன்னாட்டு எண்ணெய் நிறுவனங்கள் 10 லட்சம் மணிநேரத்துக்குக் கணக்கிடுகின்றன. ஆலை வாயிலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று தொங்கும் பலகை இந்தக் கணக்கின் எளிய வடிவம். அதிகாரிகளின் ஊக்கத்தொகையும் ஒப்பந்ததாரருக்கு அடுத்த வேலை கிடைப்பதும் பல இடங்களில் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகின்றன. கையில் பட்ட வெட்டையும் படியில் வழுக்கி விழுந்ததையும் இந்த விகிதம் ஓரளவு நன்றாகவே அளக்கிறது. இத்தொழிலில் மனிதர்களைக் கொத்தாகவும் தனித்தனியாகவும் கொல்பவற்றில் பெரும்பகுதி அதற்கு வெளியே கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துளை மேடையும் சாலையும்

கிணறு துளைக்கும் ரிக்கின் மேடையில் நிற்பவருக்கு ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய்களை ஒன்றோடொன்று திருகிப் பூட்டியும் கழற்றியும் வேலை இரவு பகலாக ஓடுகிறது. குழாயைப் பற்றும் ராட்சத இடுக்கிகள், சுழலும் தண்டு, மேலிருந்து இறங்கும் கொக்கி ஆகியவற்றுக்கு நடுவே விரலும் கையும் நசுங்குவது இத்தொழிலின் பழைய காயம். கோபுரத்தின் உயரத்தில் குழாய்களை அடுக்குபவர் தவறி விழலாம். உயரழுத்தக் குழாயின் இணைப்பு விட்டுப்போனால் அது சாட்டைபோல் சுழன்று அருகில் நிற்பவரை அடிக்கும். குழாய்களை இயந்திரமே பூட்டிக் கழற்றும் ரிக்குகள் வந்த இடங்களில் இவ்வகைக் காயங்கள் குறைந்துள்ளன. பழைய ரிக்கை வைத்து ஓட்டும் சிறிய நிறுவனங்களில் நிலைமை அவ்வளவு மாறவில்லை.

ஆனால் மரணக் கணக்கில் முதலிடம் துளை மேடைக்கு இல்லை. அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் 2003 முதல் 2013 வரை 1,189 பேர் பணியில் இறந்தனர். அவர்களில் 479 பேர், ஏறக்குறைய 40 சதவீதம், வாகனம் அல்லது போக்குவரத்து விபத்துகளில் மாண்டவர்கள். பொருள்களால் தாக்கப்பட்டோ இடையில் சிக்கியோ இறந்தவர்கள் 308 பேர். இந்தத் தொழிலாளர்களின் மரண விகிதம் நாட்டின் மொத்தத் தொழிலாளர்களுடையதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. கடலிலும் கதை அதுவே. 2003 முதல் 2010 வரை அமெரிக்கக் கடல்சார் எண்ணெய்ப் பணிகளில் இறந்த 128 பேரில் பாதிப் பேர் போக்குவரத்தில் இறந்தார்கள். அவர்களிலும் நான்கில் மூன்று பங்கினர் பயணம் செய்தது ஹெலிகாப்டர் போன்ற வான் ஊர்திகளில்.

சாலை ஏன் கொல்கிறது என்பதற்கு விடை வேலை அமைப்பில் இருக்கிறது. கிணறுகள் சிதறிக் கிடக்கின்றன. குழுக்கள் கிணற்றுக்குக் கிணறு பெயர்கின்றன. 12 மணி நேர ஷிப்ட் முடித்தவர் அதன்பின் இருட்டில் பல பத்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு தங்குமிடம் போக வேண்டும். பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுக்கும் ஒரு கிணற்றுக்கு நீரும் மணலும் கொண்டுவர நூற்றுக்கணக்கான லாரி நடைகள் தேவை. இவ்வளவுக்கும் மேல், அமெரிக்கச் சட்டம் எண்ணெய் வயல் ஓட்டுநர்களுக்கென ஒரு தனி விலக்கு வைத்திருக்கிறது. குறிப்பிட்ட வகை வாகனங்களின் ஓட்டுநர் கிணற்றடியில் காத்திருக்கும் நேரம் அவருடைய பணி நேரத்தில் சேராது. பத்து மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து காத்தவர், சட்டப்படி, அப்போதுதான் ஓய்வு முடித்து வேலைக்கு வந்தவராகிறார்.

மேற்சொன்ன பதினொரு ஆண்டுகளில் மரண விகிதம் 36 சதவீதம் இறங்கியது. அதே காலத்தில் மரணங்களின் எண்ணிக்கை 28 சதவீதம் உயர்ந்தது. தொழிலாளர் தொகை இரு மடங்கானதால் இரண்டும் ஒருசேர உண்மையாயின. நிறுவனங்கள் முதல் எண்ணைச் சொன்னதில் பொய் இல்லை. தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரிந்ததோ இரண்டாவது எண். இன்னொரு சிக்கலும் உண்டு. கிணற்றுக்கு மணல் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்து ஓட்டுநர் இறந்தால், புள்ளிவிவரத் துறையின் வகைப்பாட்டில் அது லாரித் தொழிலின் மரணமாகப் பதிவாகலாம். இந்த ஓட்டையை அடைக்கவே அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், எண்ணெய் வயல் மரணங்களை நிறுவன வகை பாராமல் ஒருங்கே திரட்டும் தனித் தரவுத்தளம் ஒன்றை 2014 முதலான மரணங்களுக்கு உருவாக்கியது.

விருந்துக்குப் பின் வந்த வெடிப்பு

காய விகிதத்துக்கும் பெருவிபத்துக்கும் உள்ள உறவை டெக்ஸாஸ் சிட்டி அளவுக்குத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறு இல்லை. 2005 மார்ச் 23 அன்று பிபி நிறுவனத்தின் அந்தச் சுத்திகரிப்பு ஆலையில், பராமரிப்புக்குப் பின் ஒரு வடிகோபுரத்தை மீண்டும் ஓட்டத் தொடங்கினார்கள். அடியில் சுமார் 2 மீட்டர் அளவே திரவம் நிற்க வேண்டிய 52 மீட்டர் கோபுரத்தில் மணிக்கணக்கில் திரவம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெளியே எதுவும் போகவில்லை. அளவுகோல் சரியாகத் திருத்தப்படாததால் மட்டம் இறங்குவதாகவே கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டியது. உயர்மட்ட எச்சரிக்கைகளில் ஒன்று ஒலிக்கவே இல்லை. நிரம்பி வழிந்த பெட்ரோல் வகைத் திரவம் பாதுகாப்பு வால்வுகள் வழியாக, 1950களில் அமைத்த, மேற்புறம் காற்றுக்குத் திறந்த ஒரு கழிவுத் தொட்டிக்குச் சென்று நீரூற்றுபோல் பீறிட்டது. அந்தத் தொட்டிக்குப் பதிலாகச் சுடர் எரிகுழல் அமைக்கலாம் என்ற யோசனை முன்னரே எழுந்து கைவிடப்பட்டிருந்தது. அருகில் இயங்கிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியே தீக்கு மூலம் என்று கருதப்படுகிறது. இறந்தவர்கள் 15 பேர், காயமடைந்தவர்கள் சுமார் 180 பேர்.

இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வெடித்த பகுதியில் அவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. தொட்டிக்கு 40 மீட்டர்கூட இல்லாத தொலைவில் தற்காலிக அலுவலகமாக நிறுத்தியிருந்த டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் அவர்கள் இருந்தார்கள். வேலைநாள் இழப்புக் காயம் இல்லாமல் வேலை நடந்ததைப் பாராட்டி அன்று கொடுக்கப்பட்ட மதிய விருந்தை முடித்துவிட்டுத்தான் அவர்களில் பலர் அங்கே திரும்பியிருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களில் சிலர் தொடர்ந்து 29 நாட்களும் அதற்கு மேலும் 12 மணி நேர ஷிப்டில் உழைத்துவந்தவர்கள். அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை இவற்றை எல்லாம் பதிவு செய்தது. ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான தனிக் குழு 2007 ஜனவரியில் தந்த அறிக்கை இன்னும் நேராகப் பேசியது: தனிமனிதக் காய விகிதம் குறைந்ததை ஆலையின் செயல்முறைப் பாதுகாப்பு, அதாவது கசிவும் வெடிப்பும் நேராமல் காக்கும் ஏற்பாடு, உயர்ந்ததற்கு அடையாளமாக நிறுவனம் தவறாக எடுத்துக்கொண்டது.

ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 2010 ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோ வளைகுடாவின் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 126 பேர் இருந்தார்கள். அன்று பிபி, டிரான்ஸ்ஓஷன் நிறுவனங்களின் மேலதிகாரிகள் வருகை தந்திருந்தனர். ஏழாண்டுகள் வேலைநாள் இழப்புக் காயம் இன்றிக் கழிந்ததைப் பாராட்டுவதும் அந்த வருகையின் நோக்கங்களுள் ஒன்று. அதே நாளில் கிணற்றின் அடைப்பு தாங்குகிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை தெளிவாக எச்சரித்தும், முடிவு சாதகமானதாகப் பொருள்கொள்ளப்பட்டது. இரவில் கிணறு பீறிட்டு வெடித்ததில் 11 பேர் இறந்தனர். ரிக்கின் காய விகிதம் அதுவரை உண்மையிலேயே நன்றாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்து இறங்குவது, கண்ணாடி அணிவது போன்ற நடைமுறைகளில் அங்கே கண்டிப்பு இருந்தது. சிமென்ட் அடைப்பின் தரம் அந்தக் கண்டிப்பின் எல்லைக்குள் வரவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஓர் அறிவுப் பின்னணி உண்டு. காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிக் 1931இல் எழுதிய நூலில், ஒரு கடுங்காயத்துக்கு 29 சிறு காயங்களும் காயமில்லாத 300 சம்பவங்களும் என்று ஒரு விகிதத்தை முன்வைத்தார். அடியில் உள்ள சிறு சம்பவங்களைக் குறைத்தால் உச்சியில் உள்ள மரணம் தானே குறையும் என்று அது பல தலைமுறை மேலாளர்களால் படிக்கப்பட்டது. ஒரே காரணத்திலிருந்து பிறக்கும் சம்பவங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். வழுக்கும் தரை சிலரைச் சிராய்க்கும், ஒருவரின் முதுகெலும்பை முறிக்கும். ஆனால் வடிகோபுரத்தின் மட்டமானி பழுதாவதற்கும் தொழிலாளியின் விரல் நசுங்குவதற்கும் பொதுக் காரணம் எதுவும் இல்லை. பின்னதை எவ்வளவு குறைத்தாலும் முன்னது அப்படியே இருக்கும்.

பைப்பர் ஆல்ஃபாவின் இரண்டு தாள்கள்

வடகடலில் அபர்தீனுக்கு வடகிழக்கே இருந்த பைப்பர் ஆல்ஃபா மேடையில் 1988 ஜூலை 6 இரவு நடந்தது, தகவல் கைமாறுவதில் உள்ள ஆபத்தை வெளிப்படுத்தியது. இரண்டு எரிவாயுத் திரவப் பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றி, அந்த வாயைத் தகட்டால் மூடியிருந்தார்கள், போல்ட்டுகள் இறுக்கப்படவில்லை. பம்பின் பராமரிப்புக்கு ஒரு பர்மிட், வால்வுக்கு வேறொரு பர்மிட். இரவு ஷிப்டுக்கு வந்தவர்கள் முதலாவதை அறிந்திருந்தார்கள், இரண்டாவதை அறியவில்லை. மற்றப் பம்பு நின்றுபோனபோது வால்வில்லாத பம்பை ஓட்டினார்கள். தீயணைப்புப் பம்புகள், கடலில் மூழ்காளிகள் வேலை செய்யும்போது அவர்களை உள்ளிழுத்துவிடாதபடி தானியங்கி முறையிலிருந்து மாற்றப்பட்டிருந்தன. அண்டை மேடைகள் இரண்டும் தீயைக் கண்ட பிறகும் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. அவற்றின் எண்ணெயும் எரிவாயுவும் தீக்கு எரிபொருளாயின. மேடையிலிருந்த 226 பேரில் 61 பேர் பிழைத்தனர். மீட்புப் படகில் வந்த இருவரையும் சேர்த்து இறந்தோர் 167 பேர். பெரும்பாலோர் நெருப்பால் சாகவில்லை, தங்குமிடத்தில் புகை மூச்சடைத்துச் செத்தார்கள். ஆட்களில் பெரும்பகுதி ஒப்பந்ததாரர்களுடையது.

கல்லன் பிரபுவின் விசாரணை 1990இல் 106 பரிந்துரைகளைத் தந்தது. எண்ணெய் உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்பும் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பும் ஒரே எரிசக்தித் துறையிடம் இருந்தது பிழை என்று கண்டு, கண்காணிப்பு சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு மேடையும் தன் பெருவிபத்து ஆபத்துகளை ஆய்ந்து ஆவணமாக்கி ஒப்புதல் பெறாமல் இயங்கக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அந்த மாற்றம் எந்தக் காய விகிதத்தின் உந்துதலாலும் வரவில்லை.

நஞ்சும் தூசியும்

வெடிப்பைக் காட்டிலும் அமைதியானது ஹைட்ரஜன் சல்பைடு. பல வயல்களில் எண்ணெயோடும் எரிவாயுவோடும் கலந்தே வெளிவரும் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. குழிகளிலும் பம்பு அறைகளிலும் தேங்கும். மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) தொட்டதும் மூக்கு மரத்து நாற்றம் மறைந்துவிடுவதால், மோப்பத்தை நம்பியவர் ஆபத்து அகன்றதாக நினைக்கும் தருணத்தில்தான் அது உச்சத்தில் இருக்கிறது. 700 பிபிஎம்முக்கு மேல் சில மூச்சுகளில் நினைவு போகும். விழுந்தவரை எடுக்க ஓடியவரும் விழுவது இதன் கொடிய இயல்பு. 2019 அக்டோபரில் டெக்ஸாஸின் ஒடெஸாவில் ஒரு பம்பு நிலையத்தில் தனியாக வேலை பார்த்த தொழிலாளி இந்த வாயுவால் இறந்தார். வீடு திரும்பாதவரைத் தேடிப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த அவருடைய மனைவியும் அங்கேயே இறந்தார். பணியிட மரணக் கணக்கில் ஒருவர். மற்றவர் பொதுமக்களில் ஒருவர். சீனாவின் சோங்சிங் அருகே 2003 டிசம்பரில் ஒரு கிணறு பீறிட்டபோது இறந்த 243 பேரில் மிகப் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்தினர்.

சேமிப்புத் தொட்டிகளில் எண்ணெய் மட்டம் பார்ப்பவரின் மரணம் நீண்ட காலம் அடையாளமே காணப்படாமல் கிடந்தது. தொட்டியின் மேல் மூடியைத் திறந்து அளவுகோலை இறக்கும்போது, உள்ளே அழுத்தத்தில் அடைந்திருந்த ஹைட்ரோகார்பன் ஆவி முகத்தில் அடிக்கிறது. பிராணவாயு குறைந்து, இதயத் துடிப்பு தடுமாறி, ஆள் சாய்கிறார். இளைஞரானாலும் பல சமயம் மரணச் சான்றிதழில் இதய நோய் என்றே எழுதப்பட்டது. 2010 முதல் 2015 தொடக்கம் வரை இப்படி நேர்ந்த ஒன்பது மரணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகே நியாஷ் ஆய்வாளர்களுக்கு இது பணியிட மரணம் என்பது புலப்பட்டது. மூடியைத் திறக்காமலே மட்டத்தை அளக்கும் கருவிகள் அப்போதே சந்தையில் இருந்தன. விற்பனை அளவீட்டுக்குக் கையால் இறக்கும் அளவுகோலையே ஏற்கும் பழைய விதிகள் அவற்றின் வரவைத் தாமதப்படுத்தின.

மணலின் கதை இன்னும் மெதுவானது. நீரழுத்தப் பிளப்புக்குத் தேவையான மணலைக் கொட்டி நகர்த்தும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் 11 இடங்களில் தொழிலாளர்களின் மூச்சுப் பரப்பில் எடுத்த 116 மாதிரிகளில் 79 சதவீதம் நியாஷ் பரிந்துரைத்த வரம்பைத் தாண்டின. சட்ட வரம்பைத் தாண்டியவை 47 சதவீதம். சிலவற்றில் முகமூடி அணிந்தாலும் போதாத அளவுக்குத் தூசி இருந்தது. இதன் நோய் வெளித்தெரியப் பத்து, இருபது ஆண்டுகளும் ஆகலாம். அதற்குள் அந்தத் தொழிலாளி எத்தனையோ ஒப்பந்ததாரர்களிடம் மாறியிருப்பார். ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பென்சீனுக்கும் இதுவே பொருந்தும். அமெரிக்கா 1987இல் பென்சீன் வரம்பை 1 பிபிஎம்மாகக் கடுமையாக்கியபோது, எண்ணெய்க் கிணறு துளைத்தல், உற்பத்தி, பராமரிப்பு வேலைகளை அந்த விதியிலிருந்து விலக்கியது. அங்கே பழைய 10 பிபிஎம் வரம்பே நிலைத்தது. 1992இல் வந்த செயல்முறைப் பாதுகாப்பு விதியும் கிணறு துளைத்தலையும் பராமரிப்பையும் தொடவில்லை. லாரி ஓட்டுநர் விலக்கையும் இவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எந்தெந்தப் பக்கங்களில் ஆபத்து அதிகமோ அங்கெல்லாம் சட்டத்தில் ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருப்பது தெரியும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இக்கணக்கு பல துறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. நிலத்திலுள்ள எண்ணெய் வயல்கள் சுரங்கச் சட்ட மரபில் வந்து சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் கண்காணிப்பில் இருந்தன. சுத்திகரிப்பு ஆலைகள் தொழிற்சாலைச் சட்டத்தின்படி மாநில ஆய்வாளர்களிடம் இருந்தன. கடல் மேடைகளுக்கு 2008ஆம் ஆண்டின் தனி விதிகளும் 1986இல் தொடங்கிய எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககமும் பொறுப்பு. அந்த இயக்ககம் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகிறது. கல்லன் விசாரணை பிழை என்று கண்ட ஏற்பாட்டுக்கு இது வெகு தொலைவில் இல்லை.

ஓஎன்ஜிசியின் மும்பை ஹை வடக்கு மேடை 2005 ஜூலை 27 அன்று இரண்டு மணி நேரத்தில் எரிந்து கடலில் சரிந்தது. பணிக் கப்பல் ஒன்றில் சமையல்காரருக்கு விரலில் காயம். சிகிச்சைக்காக அவரை மேடைக்கு மாற்ற வேண்டும். பருவமழைக் கால அலையில், கப்பலைத் தானாக நிலைநிறுத்தும் அமைப்பு முழுமையாக வேலை செய்யாத நிலையில், மேடையை நெருங்கினார்கள். அலை தூக்கிய கப்பல், மேடையின் வெளிப்புறம் ஓடிய எரிவாயுக் குழாயில் மோதியது. சிறு காயங்களைக் குறைத்தால் பெருவிபத்து குறையும் என்ற வாதத்துக்கு இங்கே ஒரு வினோத எதிர்ச்சான்று கிடைக்கிறது: சிறு காயத்துக்கு உடனே சிகிச்சை தர முயன்ற நல்லெண்ணமே 22 பேரின் மரணத்துக்கு முதல் கண்ணியானது. குழாய்க்குப் போதிய காப்பு வேலி இருந்திருந்தால் அந்த மோதல் ஒரு சாதாரணச் சேதமாக முடிந்திருக்கலாம்.

2021 மே மாதம் டவ்தே புயலில் மூழ்கிய பி-305 தங்குமிடப் படகில் 261 பேர் இருந்தார்கள். 186 பேர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டனர். ஓஎன்ஜிசிக்காகக் கடலில் கட்டுமான வேலை பார்த்த, பல மாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்த ஆட்கள் அவர்கள். எண்ணெய் நிறுவனம், ஒப்பந்த நிறுவனம், படகின் உரிமையாளர், படகின் தலைமை மாலுமி என்று பொறுப்பு பல அடுக்குகளில் பிரிந்திருந்தது. புயல் எச்சரிக்கை வந்த பிறகும் படகு ஏன் கரைக்குத் திரும்பவில்லை என்ற கேள்வியும் அந்த அடுக்குகளுக்குள் சுற்றியது. வளைகுடாவில் 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் எரிந்த குடியிருப்பில் இறந்த 45 இந்தியர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டினர். எண்ணெய்த் துறை சார்ந்த வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆட்கள் அந்தக் கட்டடத்தில் நெருக்கி அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். தொழிலாளியைக் கடல் கடந்து வேலைக்கு வரவைத்து, அவர் எங்கே உறங்க வேண்டும் என்பதையும் முதலாளியே முடிவு செய்யும்போது, உறங்குமிடத் தீயைப் பணியிட ஆபத்துக் கணக்கிலிருந்து தள்ளி வைப்பதற்கு நியாயமில்லை.

மாற்று அளவுகள்

காய விகிதத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் உண்மை உண்டு. அது எளிது; ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம்; அதைக் குறைக்கும் முயற்சியில் ஆயிரக்கணக்கான கைகளும் கண்களும் தப்பியிருக்கின்றன. குறை அந்த எண்ணில் இல்லை, அதன்மேல் பரிசும் பதவியும் ஏற்றப்படுவதில் இருக்கிறது. காயம்பட்டவரை மறுநாள் அழைத்துவந்து அலுவலக நாற்காலியில் உட்காரவைத்தால் வேலைநாள் இழப்பு இல்லை, எண் கெடாது. ஊக்கத்தொகை முழுக் குழுவுக்கும் என்றால், காயத்தை மறைக்கும்படி சக தொழிலாளியே கேட்டுக்கொள்வார்.

டெக்ஸாஸ் சிட்டிக்குப் பின் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2010இல் செயல்முறைப் பாதுகாப்புக்கெனத் தனி அளவீட்டு முறை ஒன்றை வெளியிட்டது. கசிவுகளையும் பாதுகாப்பு அமைப்புகள் இயங்க நேர்ந்த தருணங்களையும் நான்கு படிநிலைகளில் பதிவது அதன் அடிப்படை. பிரிட்டன், பைப்பர் ஆல்ஃபாவுக்குப் பின், கடல் மேடைகளின் ஹைட்ரோகார்பன் கசிவுகளைத் தனியே பதிகிறது. இன்னும் விரிவானது நார்வேயின் முறை. 1980இல் அலெக்சாண்டர் கீலன்ட் தங்குமேடை ஒரு பற்றவைப்பிலிருந்து பரவிய களைப்பு விரிசலால் கவிழ்ந்து 123 பேர் இறந்ததை அந்த நாடு மறக்கவில்லை. 1990களின் இறுதியில் தொடங்கிய அதன் ஆபத்துநிலைத் திட்டத்தில் தீப்பற்றாத கசிவுகள், கட்டுப்பாடு தளர்ந்த கிணறுகள், மேடையை நோக்கி வழிதவறி வந்த கப்பல்கள், சோதனையில் தோற்ற வால்வுகள் ஆகியவை தொழில் முழுமைக்குமாக எண்ணப்படுகின்றன. இரண்டாண்டுக்கு ஒருமுறை தொழிலாளர்களிடமே விரிவான வினாத்தாளும் போகிறது. நிறுவனத்தின் ஆளா, ஒப்பந்ததாரரின் ஆளா என்ற வேறுபாடு அந்த வினாத்தாளைப் பெறுவதற்குத் தடையில்லை. இரைச்சலும் வேதிப்பொருள் நெருக்கமும்கூட அதில் அளக்கப்படுகின்றன. யாரும் காயப்படாத ஆண்டிலும் அந்த அறிக்கையில் மோசமான செய்தி இருக்க முடியும். கசிவு கூடியிருந்தால் ஒழுங்காணையம் நிறுவனங்களை அழைத்து விளக்கம் கேட்கிறது.